துறையடியில் என் தந்தையின் பெயர் எழுதிய பலகை

அனுப்புபவர்:
செல்வி சா. விதுர்ஷா,
துறையடி வீதி, தில்லைமுனை,
மட்டக்களப்பு மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
தில்லைமுனை.

விடயம்: துறையில் என் தந்தையின் பெயர் குறித்து நாட்டப்பட்ட அறிவித்தல் பலகையை அகற்றுதலும், அவரைப் பற்றிய பொய்யான அறிக்கையைத் திருத்துதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எமது துறையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் 'பாதை' தங்கள் சபைக்குரியது. கரைக்குக் கரை கட்டிய வடத்தைக் கையால் இழுத்து ஓட்டும் மிதவை அது. என் தந்தை க. சாமித்தம்பி (வயது 62) இளவயதிலிருந்து அந்த வடத்தை இழுத்தவர். கடைசிவரை தற்காலிக ஊழியராகவே வைத்திருந்து, மறதி வந்ததும் "இனி வர வேண்டாம்" என்று வாயால் சொல்லி நிறுத்தினார்கள். அதற்கு நட்டஈடு கேட்டு இதை எழுதவில்லை.

2. அவருக்கு இருப்பது அல்சைமர் நோய். ஊரில் முதலில் குடி என்றார்கள், அவர் குடிப்பதில்லை. பிறகு செய்வினை என்று நூல் கட்டினார்கள். மட்டக்களப்பில் விசேட வைத்தியர்தான் பரிசோதித்து, மூளையின் கலங்கள் அழிந்துகொண்டு போகும் நோய் என்று விளக்கினார். இன்று காலை நடந்தது முதலில் அழியும், பழகிய கைவேலை நீண்ட காலம் நிற்கும், அவருடன் வாதாடாதீர்கள், பகிடி பண்ணாதீர்கள், பூட்டி வைத்தால் பதற்றம் கூடும் என்றார். நோயை மாற்ற மருந்து இல்லை என்றும் சொன்னார். வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். பொறுமையாக என்றார். வெளியே வரிசை நீண்டிருந்தது.

3. என் தாயார் குவைத்தில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவரைப் பராமரிக்கிறார். சொந்தக் கணவரைக் குளிப்பாட்ட நாட்டில் இல்லை. நான் காத்தான்குடியில் துணிக்கடையில் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு இவரைப் பார்க்கிறேன். தொலைபேசியில் தாயாரின் முகத்தைக் கண்டால் என் தந்தை இடுப்பில் கட்டிய சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறார். யாரோ பெரிய இடத்து அம்மா என்று நினைக்கிறார்.

4. வேலை நின்ற பிறகும் அவர் விடிந்ததும் துறைக்கே போனார். கடமையிலிருந்த ஊழியர் திரு. நல்லரத்தினமும் மற்ற ஊழியரும் வடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர்க் கடையில் இருந்தார்கள். நோயாளி என்று அவர்களுக்குத் தெரியும். ஓடுகிற மிதவையை அவர் பொறுப்பில் விட்டது அவர்களது குற்றம். ஆனால் வடத்தைப் பிடித்திருந்த நேரத்தில் அவர் முகம் தெளிந்திருந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அதைப் பார்த்து நானும் சும்மா இருந்தேன்.

5. கடந்த ஆடி மாதம், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த ஒரு காலையில், படுவான்கரைக்குப் புறப்பட்ட பாதையில் ஊழியர் எவரும் இல்லை, வடம் என் தந்தையின் கையில் இருந்தது. நடு வாவியில் வடத்தை நிறுத்தி, "எந்தக் கரைக்கு மனே போறம்?" என்று பயணிகளிடம் கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "உங்கட மாமிர ஊட்டதான் போறம் அண்ணன்" என்று பகிடிவிட்டார். ஐயா, என் தந்தை படுவான்கரையில் பிறந்து, இங்கு கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டுக்கு வந்து குடியிருந்தவர். அவருக்கு மாமி வீடு என்றால் தில்லைமுனை. சொன்னதை நம்பிப் பாதையைத் திருப்பி இழுத்தார். வேலைக்குப் பிந்திய பயணிகள் எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். மிதவை சரிந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாவிக்குள் போனது. பரீனா என்ற ஆசிரியையின் தோள் விலகியது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்கட வாப்பாட பிழை இல்ல தங்கச்சி, சிரிச்ச எங்கட பிழை" என்றார். இன்றுவரை எனக்கு அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

6. சபைக்குக் கொடுக்கப்பட்ட அறிக்கையில், சாமித்தம்பி மதுபோதையில் பலவந்தமாகப் பாதையில் ஏறினார் என்று இருக்கிறது. அதைத் தங்கள் அலுவலக உத்தியோகத்தரே எனக்கு வாசித்துக் காட்டினார். வடத்தைக் கொடுத்தவர்களை எவரும் விசாரிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் துறையில் பலகை நாட்டப்பட்டது: "க. சாமித்தம்பி என்பவரைப் பாதையில் ஏற்றுதல் முற்றாகத் தடை."

7. அன்றிலிருந்து அவரை வீட்டில் வைத்துப் பூட்டுகிறேன். வைத்தியர் செய்யாதே என்றதைச் செய்கிறேன், ஏனென்றால் திறந்தால் துறைக்குப் போகிறார், அங்கே விரட்டுகிறார்கள். உடுப்புக் காயப்போடும் கயிற்றை வீட்டுக்குள் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். பிடித்து இழுத்துப் பார்த்தார். வீடு அசையாததைக் கண்டு அழுதார்.

8. ஆகவே தங்களிடம் கேட்பவை: பலகையை அகற்றுங்கள். அறிக்கையில் மதுபோதை என்பதை நீக்கி, ஊழியர்கள் கடமையை விட்டுப் போனதை எழுதுங்கள். இந்த நோயுள்ளவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பாதை ஊழியர்களுக்குச் சுகாதார உத்தியோகத்தரைக் கொண்டு சொல்லிக் கொடுங்கள். இப்படியானவர் இந்தப் பிரதேசத்தில் இவர் ஒருவர் மட்டும் அல்ல. என் தந்தை என்னுடன், ஒரு பயணியாக, நாளுக்கு ஒருமுறை அக்கரை போய்த் திரும்ப அனுமதி தாருங்கள். வடத்தைத் தொட விடமாட்டேன். பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன்.

9. இதை அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் தந்தைக்கு வாசிக்கும் திறன் இன்னும் போகவில்லை. கடந்த வெள்ளிக்கிழமை அவரைத் துறையடிக்குக் கூட்டிப் போனேன். பலகையின் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக உரத்து வாசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"ஆர் புள்ள இந்தச் சாமித்தம்பி? என்ன குத்தம் செஞ்சவனாம்? பாவம், ஏத்திட்டுப் போகச் சொல்லு. அக்கரையில அவனுக்கும் ஆக்கள் இருப்பாங்கதானே."

வீடு வருமுன் அவர் அதை மறந்துவிட்டார். அடுத்த முறை போனால் மறுபடியும் வாசிப்பார், மறுபடியும் கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தாங்கள் எனக்கு எழுத்தில் அறியத்தர வேண்டும்.

இப்படிக்கு,
சா. விதுர்ஷா
(க. சாமித்தம்பியின் மகள்)

இடம்: தில்லைமுனை
திகதி: 18.09.2025