டிரம்மை மூடிய கறுப்புக் கட்டம்

“அக்கா, உங்க டிரம்மு ஊடு விக்குதுக்கா!”

எதிர்வீட்டுச் சின்னவள் இன்று காலை அப்படித்தான் கத்தினாள். அவள் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு, தெருவில் கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாசலில் தண்ணீர் டிரம்மை மூடியிருக்கும் ஃப்ளெக்ஸுக்கு நேராக வந்ததும் போன் எதையோ திறந்திருக்கிறது. எட்டிப் பார்த்தேன். பால்கனியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கும், பழைய நோட்டீஸில் இருந்த அதே படம். அதன் கீழே புதிதாக ஒரு வரி: ‘அனைத்து வீடுகளும் விற்றுத் தீர்ந்துவிட்டன. நன்றி.’

உன் ஃப்ளெக்ஸ்தான். கழுத்து வழியாக மாட்டிக்கொண்டு, முன்னால் போனில் ஸ்கேன் செய்யும் ஒரு கறுப்புக் கட்டமும் முதுகில் ஒரு கறுப்புக் கட்டமுமாக நின்றாயே, அது. ஒரு வருட வெயிலில் நாடாக்கள் வெளுத்துவிட்டன. கட்டம் வெளுக்கவில்லை.

சின்னவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நீ இருந்தபோது உன்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நீ பேசுவாய், நான் தலையாட்டுவேன். அதுவே நம் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரண்டு வருடம் வீட்டிலேயே தம்பியைப் பார்த்துக்கொண்டு கிடந்த என்னைப் பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு இழுத்துப் போனவள் நீ. நூம்பலில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுக்கும் வேலை. பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களிடம் ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுகூட எனக்கு வரவில்லை. முதல் நாள் முழுக்க நோட்டீஸ் கட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாமே, குடுக்கறியா, கேக்கறியா?” என்றாய். “குடுக்கறவ கை மேல இருக்கணும். மூஞ்சியத் தூக்கு.”

உன் கை எப்போதும் மேலேதான். “சார், ஊடு வேணுமா சார்? உனக்கு வேணாம்னா மாமியாருக்கு வாங்கிக் குடு சார், தொல்ல வுட்டுச்சி!” அவசரமாகப் போகிறவர்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். வாங்கியவர் பத்தடி தள்ளிக் கீழே போட்டுவிடுவார். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் நாம் குனிந்து பொறுக்குவோம். மிதிபடாதவை மறுநாளுக்கு. செருப்புத் தடம் விழுந்தவற்றை நீ வீட்டுக்கு எடுத்துப்போவாய். “பின்னாடி சும்மாதானே கீது” என்பாய். உன் அண்ணன் போட்ட கணக்கு, என் அம்மாவின் மளிகைப் பட்டியல், எல்லாம் அந்தப் பால்கனிக் குடும்பத்தின் முதுகில்தான். எனக்கும் ஒரு கட்டு கொடுத்திருந்தாய். இந்தக் கடிதமும் அதில்தான் எழுதப்படுகிறது. இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவரின் குதிகால் என் எழுத்துக்கு அடியில் தெரிகிறது.

பெருமழை பெய்த அந்தக் காலையை நினைத்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத்து வாய்க்கால் அடைத்து, தண்ணீர் கடைவாசல் வரை ஏறியிருந்தது. துப்புரவு அக்கா ஒருவர் முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நம் நோட்டீஸ். சேற்றுக்குள்ளிருந்து அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது.

“இன்னாம்மா, நீ குடுக்கறது, அவன் போடறது, நான் அள்றதா?” என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். “என் கையப் பாரு. இதால போய் சோறு துன்னணும்.”

நீ போய் அவருடைய சாக்குப் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாய். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

அன்று சாயங்காலமே கம்பெனி மேனேஜரிடம் போய் நின்றாய். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால்.

“சார், இந்தக் காயிதம் வேணாம் சார். டீக்கடைல, பூக்காரம்மா கூடைல எல்லாம் ஸ்கேன் பண்ற கட்டம் கீது இல்ல? அத்த மாதிரி ஒண்ணு பெருசா போட்டுக் குடு. நாங்க மாட்டிக்கினு நிக்கறோம். ஊடு வேணும்ன்றவன் அவனே போனுல புடிச்சிப்பான். காயிதமும் மிச்சம், சாக்கடையும் மிச்சம்.”

“அட, நல்ல யோசனையா இருக்கேம்மா!” என்று அவர் எழுந்தே விட்டார். கெட்டவர் இல்லை அவர். பத்து நாளில் ஃப்ளெக்ஸ் வந்தது. ‘காகிதம் தவிர்ப்போம், மரம் காப்போம்’ என்று கட்டத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் போட்டிருந்தார். துப்புரவு அக்கா உனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு வாரம் நீ தரையில் நடக்கவில்லை.

வந்த ஃப்ளெக்ஸ் ஒன்றே ஒன்று. “மாத்தி மாத்திப் போட்டுக்கோங்கம்மா” என்றார் மேனேஜர். காலையில் நீ, சாயங்காலம் நான்.

என் முதல் சாயங்காலத்தை உன்னிடம் பாதிதான் சொன்னேன். அதுவரை யாராவது கையை நீட்டுவார்கள், நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு கொடுத்துவிடுவேன். அன்று எல்லோரும் போனை நீட்டினார்கள். என் மார்புக்கு நேராக. ஒருவர், “கிட்ட வாம்மா, விழமாட்டேங்குது” என்றார். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். கட்டத்தைத்தான் பிடிக்கிறார்களா, என்னையா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்தேன்.

“முதுகக் காட்டிகினு நில்லு. மூஞ்சி வுழாது” என்று வழி சொன்னாய். மறுநாள் அப்படி நின்று பார்த்தேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பது அதைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் நாள் நான் போகவில்லை.

நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீயோ என் நேரத்துக்கும் சேர்த்து நின்றுவிட்டு வந்தாய். அதற்கடுத்த நாளும். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக, என் எழுத்துபோலவே சாய்த்துக் கையெழுத்துப் போட்டாய். “வூட்ல சொல்லாத. தானா தெகிரியம் வரும், அப்ப வா” என்றாய். சம்பளம் என் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன். வீட்டைவிட்டுக் கிளம்பி, கோயில் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் திரும்புவேன். தைரியம் வரும் என்று நானும் நம்பினேன்.

வந்தது மழைதான். உனக்குக் காய்ச்சல் என்று எனக்கு முதல் நாளே தெரியும். இரண்டாம் நாளும் நின்றாய். மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டு வாசலுக்கு வந்தாய். கையில் ஃப்ளெக்ஸ் மடித்து இருந்தது. கண் சிவந்திருந்தது.

“இன்னிக்கு ஒரு நாளு நீ நின்னுக்கறியாமே? ஒடம்பு ஒரு மாதிரி கீது.”

“வயித்து வலி” என்றேன்.

நீ என் முகத்தையே பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வலி இல்லை என்று உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது.

“சரி, வுடு. நீ படுத்துக்கோ” என்றாய். காய்ச்சல்காரி என்னைப் படுக்கச் சொன்னாய். தூறலுக்கு ஃப்ளெக்ஸைத் தலையில் போட்டுக்கொண்டு போனாய். தெருமுனை வரை உன் முதுகில் அந்தக் கட்டம் மட்டும் தெரிந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடும் தூரத்தில்தான் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தாய்.

இரண்டு நாள் கழித்துப் பேருந்து நிலையத்திலேயே சுருண்டு விழுந்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். “காய்ச்சல் வந்த ரெண்டு மூணு நாள்லயே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்று டாக்டர் உன் அம்மாவைக் கேட்டார். “மாத்தி நிக்க ஆள் இல்லன்னு சொல்லிச்சி சார்” என்று உன் அம்மா அழுதார். அவருக்குப் பின்னால்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் நீ இல்லை.

அடுத்த வாரம் அதே கட்டத்தைப் பலகையாகச் செய்து, பேருந்து நிலையத்துக் கம்பத்தில் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆள் வேண்டாம் என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கம்பத்தில் கட்டினாலே போதும் என்பது மேனேஜரிடம் பேசிய அன்றே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வேலை போய்விடக் கூடாதென்றுதான் “நாங்க மாட்டிக்கினு நிக்கறோம்” என்று முந்திக்கொண்டாய். அந்த ‘நாங்க’வில் நானும் இருந்தேன்.

போன மாதம் துப்புரவு அக்காவைப் பார்த்தேன். வாய்க்காலில் இப்போது நோட்டீஸ் இல்லை என்றார். அதில் மட்டும் நீ சொன்னது நடந்துவிட்டது. “எங்கம்மா அந்த வாயாடி? ஆளையே காணோம். கண்ணாலம் ஆயிடிச்சா?” என்று கேட்டார். தலை தானாக ஆடிவிட்டது. “எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

ஃப்ளெக்ஸை உன் அம்மாதான் கொடுத்தார். “மழ தாங்கும். உங்க டிரம்முக்கு ஆவும், எடுத்துக்கோ.” அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. வழியில் பார்த்தால் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறார். அந்த நோட்டீஸாவது இரண்டு மழைக்குக் கரைந்துவிடும். இது கரையாது.

இன்று சின்னவள் போனதும் ஃப்ளெக்ஸை எடுத்துக் கழுவினேன். உள்ளே கொண்டுபோய், கழுத்து வழியாக மாட்டிப் பார்த்தேன். இடது பக்க நாடா அவிழ்ந்து கிடந்தது. வலது பக்கம் நீ போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருக்கிறது. தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடும் சத்தம் கேட்டது. போய்விடலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை, இந்தக் கோலத்தில், அவர்கள் நடுவில் போய் நின்றுவிடலாம். முகத்தைக்கூடத் தூக்கிவிட்டேன். கை தாழ்ப்பாளில் இருந்தது.

லாரி போகும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். இன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. பிறகு உன் முடிச்சு அவிழாமல் தலைவழியாகக் கழற்றி, காலி டிரம்மின் மேல் பழையபடி போட்டேன். இந்த முறை, கட்டம் உள்பக்கம் போகும்படி.