சவுக்குத் தோப்பில் அக்கா ஆடினாள்

சனிக்கிழமை, இரவு

மாமா இறந்ததிலிருந்து அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இன்று மாமல்லபுரத்தில் வெளிநாட்டு நடனக் குறும்படங்கள் போட்டார்கள். வற்புறுத்தி அழைத்துப் போனேன். ஒரு படத்தில் தலை நரைத்த சகோதரிகள் இருவர் காலி ரயில் நிலையத்தில் ஆடினார்கள். பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் ஆடியது நினைவுக்கு வந்தது. பாதியில் அக்கா எழுந்து போய்விட்டாள். அழுகிறாளோ என்று பயந்து பின்னால் ஓடினேன்.

வெளியே சவுக்குத் தோப்பு மணலில், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? இதுக்கப்புறம் இன்னா வரும்? மறந்துபோச்சு."

எனக்கும் மறந்துவிட்டது. "நீ சுத்துவக்கா, நான் உக்காருவேன்" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவள் சுற்றினாள். உட்கார்ந்த என்னால் எழ முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கியவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

முட்டி விண்விண் என்று தெறிக்கிறது. தெறிக்கட்டும்.