கடலுக்கடியில் கபடி

கனகராயன்குளம்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

இங்கே அப்பா, அண்ணன், நான், போன கிழமை கன்று போட்ட சிவப்பி எல்லோரும் நல்ல சுகம். நீயும் அந்த மாலைதீவில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, முக்கியமாக ஒழுங்காக மூச்சுவிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று நம்ம பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உங்கள் அப்பா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு பாதிக் கதையை அவர் சொல்லிவிடுவார், மீதியை நான் சிரித்துச் சிரித்தே கெடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், அண்ணன் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார். உன் அம்மா நேற்றுக் கடலுக்கடியில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன்! முதுகில் காற்றுச் சிலிண்டர், காலில் வாத்துக்கால் மாதிரித் துடுப்பு, முகத்தில் கண்ணாடி, எல்லாம் மாட்டிக்கொண்டுதான். இன்னும் காதுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, தலையை ஆட்டினால் சளசள என்கிறது, அதைக் கேட்டுக்கூடச் சிரிப்பு வருகிறது.

ஏன் போனேன் என்று கேட்பாய். அன்றைக்கு நீ அழுதுகொண்டு போன் எடுத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹோட்டலில் துணி மடிக்கிற வேலையை விட்டு, கடலுக்கடியில் சுழியோட வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற வேலைக்கு மாற உனக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, ஆனால் முதல் பரீட்சையிலேயே மற்ற எல்லோரையும் விட முந்தி உன் காற்றுத் தீர்ந்துவிட்டது, சிலிண்டரில் காற்று இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே வருகிற பயிற்சியில் நீ மூச்சைப் பிடித்துவிட்டாய் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள், வருகிற வெள்ளிக்கிழமையும் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? சாமி கும்பிடு, தலைக்கு எண்ணெய் வை என்றேன். போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் கண்டதெல்லாம் குளம், கடலுக்குள் மூச்சுவிடுவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும். பிள்ளை எங்கே கஷ்டப்படுகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்க்காமல் புத்தி சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன். அண்ணனோடு வேலை செய்கிற ஒருவரின் தங்கை லக்சிகா, உன் வயதுதான் இருக்கும், நிலாவெளிக் கடற்கரையில் சுழியோடப் பழக்குகிறாள். புதிதாக வருகிறவர்களையும் ஆழமில்லாத இடத்தில் இறக்கிக் காட்டுவாளாம். பக்கத்து வீட்டுத் தங்கம்மா, இந்த வயசில பொம்பிளைக்குக் கடலுக்க என்ன அலுவல் என்று கேட்டா. வந்து சொல்லுறன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் அப்பாவும் வந்தார். அந்த இறுக்கமான கறுப்பு உடுப்பை எனக்குள் ஏற்றுவதற்கு லக்சிகாவும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த என்னைப் பார்த்து, அமராவதி, பொரிக்கப் போற கத்தரிக்காய் மாதிரியே இருக்கடி என்றார் உங்கள் அப்பா. அவ்வளவு பேசிய மனிதர், அலை கணுக்காலில் பட்டதும் என் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்கு ஓடிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து, வாயில் குழாயைக் கடிக்கத் தந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வை என்றாள் லக்சிகா. வைத்தேன், மகள், அங்கேதான் விஷயம். என்னால் மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை! காற்று இருக்கிறது, குழாய் இருக்கிறது, நெஞ்சு மட்டும் மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடத்தில் கபடியில் எதிர்ப்பக்கம் பாடிக்கொண்டு போகிறவள் நான், அங்கே மூச்சை இழுத்தால் ஆட்டம் போச்சு, அந்தப் பழக்கம் இத்தனை வருடம் கழித்துத் தண்ணீருக்குள் எழும்பி வந்து நிற்கிறது. பிறகு கெட்டிக்காரத்தனமாக, கொஞ்சம் இழுத்துவிட்டு அதையே பிடித்து வைத்துக் காற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். நெஞ்சு முட்டியது, அடுத்த நிமிடம் நாய் மாதிரி இளைக்கத் தொடங்கிவிட்டேன். லக்சிகா என்னை நிமிர்த்தி, அம்மா, மூச்சைப் பிடிக்காதேங்கோ, பிடிச்சால்தான் கூடக் காற்று முடியும், மேல வரேக்க பிடிச்சால் நெஞ்சுக்கே ஆபத்து, ஆறுதலா, மெதுவா வெளிய விடுங்கோ, உள்ள வாறது தானா வரும் என்றாள். அப்போதுதான் எனக்கு உன் முகம் தெரிந்தது. மாகாணப் போட்டி வரைக்கும் கபடி பாடிப் போனவள் அல்லவா நீ! நீயும் அங்கே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய், உனக்கே தெரியாமல்.

பிறகு நான் விடவில்லை. வெளியே விடுகிறதை மட்டும் நினைத்தேன், சுடுகிற தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி மெதுவாக, கடைசி வரைக்கும். அது முடிகிற இடத்தில் காற்றுத் தானாக வந்து நிறைந்தது. அடுத்ததாக, வாயிலிருந்து குழாயை எடுத்தாலும் சின்னச் சின்னக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிஷமும் வாயை மூடிப் பிடிக்கக் கூடாது என்றாள் லக்சிகா. எனக்கு வேறு என்ன வரும்? கபடி கபடி கபடி என்று தண்ணீருக்குள் பாடினேன். குமிழ் சரம் சரமாகப் போனது. அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் அவளுடைய கண்ணாடிக்குள்ளேயே தண்ணீர் போய்விட்டது. மேலே வந்து இருமிக்கொண்டு, அம்மா, காற்றில்லாமல் மேல வாற பயிற்சிக்கும் இதுதான், வாயில குழாய் இருக்க, வழி முழுக்க சத்தம் போட்டு விட்டுக்கொண்டே வரவேணும், வேகமா மட்டும் வரக் கூடாது என்றாள். நான் தண்ணீரில் நின்றபடியே கைதட்டினேன்.

அதற்குப் பிறகுதான் என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். அதிக ஆழம் இல்லை, மேலே வெயில் தெரிந்தது. மஞ்சள் மீன் ஒரு கூட்டம் எங்களைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டில் போனது. என் மூச்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்டது, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி. நிசா, எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா. ஐம்பது வயதில் எனக்கு மூச்சுவிடச் சொல்லித் தந்தார்கள், நான் சின்னப் பிள்ளை மாதிரிப் பழகினேன். உனக்கு இந்த இடம் ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று அங்கேதான் விளங்கியது. போனில் நீ அழுதது பயத்தால் இல்லை, இதை விட்டுவிட வேண்டி வருமோ என்றுதான் அழுதாய், அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கண்ணாடிக்குள் கொஞ்சம் அழுதேன், துடைக்க வழி இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இறங்கும்போது யார் எவ்வளவு காற்று மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காதே. உன் மூச்சை நீள விடு. அவசரப்பட்டுக் கையைக் காலை அடிக்காதே, குளத்தில் நீ அடிக்கிற அடி எனக்குத் தெரியும். காது வலித்தால் சொல்லு, வீம்பு பிடிக்காதே. மேலே வரும்போது பாடு, யார் சிரித்தாலும் பாடு. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. மாம்பழக் காலம் முடிவதற்குள் யாராவது வந்தால் கறுத்தக்கொழும்பான் அனுப்புகிறேன், இந்த வருடம் யானை வேலியை மட்டும் மிதித்துவிட்டு மரத்தை விட்டுவிட்டது.

நம்ம பிள்ளையாரும் அந்தக் கடலும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். நீ நினைத்த வேலை உன் கைக்கு வரட்டும். வராவிட்டாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. லக்சிகா அடுத்த மாதம் தொடங்குகிற முழுப் பயிற்சிக்கு இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், ஒன்று எனக்கு, மற்றது உனக்கு. வெள்ளிக்கிழமை நீ தேறிவிட்டால் உன் இடத்தை அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது, தயவுசெய்து அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தோற்றுவிடாதே.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
ப. அமராவதி