தூள் அடுப்பு நின்று எரிய

ஜூன் 2, திங்கள்

இன்று மேலூர் பஸ் நிலையத்தில் நின்ற பஸ்களின் போர்டை எல்லாம் நானே படித்தேன். ஒன்றில் தூசி. கையால் துடைத்துவிட்டுப் படித்தேன். "என்ன பெருசு, பஸ்ஸக் கழுவ வந்தியா?" என்றார் கண்டக்டர். எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சரண்யாதேவி தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

ஜூன் 4, புதன்

என் வீட்டுக்காரி தங்கப்பொண்ணுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. ஒரு மாதம் புகைப் பக்கமும் அனல் பக்கமும் போகக்கூடாதாம். "அப்ப பணியாரக் கடைய யாரு பாப்பா?" என்று டாக்டரிடமே கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஜூன் 6, வெள்ளி

கடையை மூடிப்போட்டால் இடம் போய்விடும். பஸ் நிலைய வாசலில் அப்படி ஓர் இடம் இனிக் கிடைக்காது. சுண்டல் வண்டிக்காரர் வந்து, "அக்கா எப்ப வரும்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கேட்கும்போது அவர் கண் தரையை அளக்கிறது.

மாவு ஆட்டுவது மிஷின். ஊற்றி எடுக்க எனக்கும் தெரியும். அடுப்புதான் தெரியாது. கேஸ் வைத்துப் பார்த்தோம், வெட்டவெளிக் காற்றில் நிற்கவில்லை. எங்களுடையது மரத்தூள் அடுப்பு. மர மில்லில் இருந்து தூள் மூட்டை தூக்கி வருவதோடு என் வேலை முடிந்தது. டின்னில் தூளை இறுக்கி அடுப்பை அடைப்பது அவள் மட்டும்தான். பக்கத்தில் போனால், "தட்டக் கழுவுய்யா" என்பாள்.

இம்புட்டையும் நானா எழுதினேன்? எழுதி முடிக்கையில் காப்பி ஆறிப்போயிருந்தது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அடைத்தேன். தகர டின்னின் நடுவில் ஒரு குழாயை நிறுத்த வேண்டும். அடியில் பக்கவாட்டு ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருக வேண்டும். சுற்றிலும் தூளைப் போட்டு இறுக்கி, பிறகு இரண்டையும் உருவினால் நெருப்புக்கு வழி கிடைக்கும். இவ்வளவும் பார்த்துப் பார்த்துத் தெரியும்.

எந்த இறுக்கம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த இறுக்கம் வயல் வரப்பு இறுக்கம். மண்ணை நனைத்து மிதித்தால் ஒரு மழைக்கும் அசையாது. அப்படியே தூளில் தண்ணீர் தெளித்து இடித்தேன்.

புகை. புகை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பேயாண்டி தினமும் சாப்பிட வருகிறவன். "மாமா, கொசு மருந்தா அடிக்கிறீக?" என்றான்.

வீட்டுக்கு வந்து தங்கப்பொண்ணிடம் சொன்னேன். கண்ணுக்கு ஆகாது, சிரிக்காதே என்றேன். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர் இல்லை. இறுக்கமும் இல்லை. குழாயை உருவியதும் தூள் சரிந்து வழியை அடைத்தது. இன்றும் வியாபாரம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

அவளிடமே கேட்டேன். "எம்புட்டு இறுக்கணும்?"

"இறுக்குற அளவுக்கு."

"அது எம்புட்டு?"

"சொல்லத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா? போய்யா."

சுண்டல் வண்டி நம் இடத்தில் பாதி வரை வந்து நிற்கிறது. கொஞ்ச நேரம்தான் அண்ணே என்றார். கொஞ்ச நேரம் சாயங்காலம் வரை போனது.

ஜூன் 16, திங்கள்

எரிந்துவிட்டது! சரியவில்லை, புகையவில்லை. ஆனால் சட்டியில் எனக்கு எதிர்ப்பக்கக் குழிகள் கரி, என் பக்கக் குழிகள் பச்சை மாவு. பேயாண்டி கரியைத் தின்றான். "பரவால்ல மாமா, அக்கா கைப்பக்குவம் வந்துருச்சு" என்றான்.

அவள் சுடுவதிலும் ஒரு பக்கம் கறுப்பாகத்தான் இருக்கும். அடுப்பின் குணம் அது என்றே நான் நினைத்திருந்தேன். இல்லையோ?

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் அடைத்து முடித்தபின் விரலால் மேலே சுற்றிலும் குத்திப் பார்த்தேன். நான் நின்ற பக்கம் கெட்டி. எதிர்ப்பக்கம் பொதபொத என்று இருந்தது. கை எட்டுகிற இடத்தில் பலமாகக் குத்தியிருக்கிறேன், எட்டாத இடத்தில் தடவியிருக்கிறேன். பொதபொதப்பாக இருந்த பக்கம் வேகமாக எரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு பிடி தூள் போட்டு, மூடிய கையால் குத்தி, டின்னைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஒரு பிடி. அடியில் லேசாக, மேலே வர வர அழுத்தி. நெருப்பு கீழேதான் முதலில் பிடிக்க வேண்டும், அங்கே மூச்சு விட இடம் வேண்டாமா?

ஜூன் 20, வெள்ளி

எல்லாக் குழியும் ஒரே நிறம். தேன் நிறம். சுண்டல் வண்டிக்காரர் வாங்கித் தின்றார். பிறகு அவராகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

 

ஜூலை 7, திங்கள்

இனி அடுப்புப் பக்கம் போகலாம் என்று டாக்டர் விட்டுவிட்டார். தங்கப்பொண்ணு நேராகக் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"பேயாண்டி, நான் சுட்டதும் இப்படித்தான இருந்துச்சு?"

அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்தான்.

"கேக்குறன்ல."

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. கொஞ்சம்... செவந்து இருக்கும்."

"கறுத்தா, செவந்தா?"

"கறுத்துக்கா."

தட்டைக் கீழே வைத்தாள். பாதிப் பணியாரம் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

ஜூலை 9, புதன்

இரண்டு நாளாகக் கடைக்கு வரவில்லை. உன் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது, அதற்கு நீ என்ன செய்வாய் என்றேன். "தின்னவனுக எல்லாருக்கும் கண்ணு இருந்துச்சுல்ல" என்றாள். எனக்கும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அடுப்பு நின்று எரிகிறது. எனக்கு எதுவும் ஓடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அக்கா எங்கே என்கிறார்கள். வாங்கித் தின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். வம்பு பேச ஆள் இல்லாத கடையில் யார் நிற்பார்கள்? நான் சரியாக அடைக்காமலே இருந்திருக்கலாமோ? சே. அப்படியும் இல்லை. அவள் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் நான் கிளம்பும் முன்பே அடுப்பு டின் வீட்டு வாசலில் இருந்தது. பழைய சாம்பலைத் தட்டித் துடைத்து வைத்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"இந்தாய்யா, அடுப்ப நீ அடை. நான் ஊத்துறேன்."

தூள் மூட்டையைப் பிரித்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நான் டின்னைத் திருப்பும்போது மட்டும் ஒரு கை பிடித்தாள்.

சாயங்காலம் நல்ல கூட்டம். எல்லாருக்கும் தேன் நிறத்தில் எடுத்துக் கொடுத்தாள். பேயாண்டி வந்ததும் ஒரே ஒரு குழியை விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். அந்த ஒன்று கரியாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். பிறகு அதைக் குத்தி எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

"இம்புட்டு வருசமா வாயத் தொறக்காமத் தின்னவனுக்கு."

அவன் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான்.