தலை எண்ணிக்கை

மார்ச் 3
இன்றும் இரண்டு கோப்பை டீ ஊற்றிவிட்டேன். கைக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டையும் நானே குடித்தேன். வீணாக்கினால் அவருக்குப் பிடிக்காது.

மார்ச் 5
நீச்சல் குளத்துக்குப் போனேன். அவர் விட்டுவிட்டுப் போன செருப்பையும் துண்டையும் பையில் போட்டுத் தந்தார்கள். உயர நாற்காலியில் கழுத்தில் விசிலோடு ஒருவன். அன்று காவலுக்கு இருந்தவன் அவன்தான். என் புருஷன் தண்ணீருக்கடியில் கிடந்தபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கத்தான் கிட்டே போனேன். "நீச்சல் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 6
தங்கை போனில் கத்தினாள். அவன் மூஞ்சியில் எப்படி முழிப்பாய் என்று. நியாயம்தான்.

மார்ச் 9
விசில் (பெயர் வைத்துவிட்டேன்) என்னைக் கண்டதும் வெளுத்துப்போனான். நான் யாரென்று தெரிந்திருக்கிறது. சேர்வதற்குப் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொடுத்தேன். ஓரத்துக் கம்பியை விடமாட்டேன் என்றேன். விடச் சொல்லவில்லை. இவனை நம்பி விடுவதாவது!

மார்ச் 17
கம்பியைப் பிடித்தபடியே கேட்டுவிட்டேன். தலைகுனிந்துகொண்டு சொன்னான்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை தலை எண்ணுவோம்க்கா. ஒன்பது இருந்துச்சு. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். நடுவுல ஒரு அம்மா புதுசா இறங்கினதை நான் பாக்கல. கணக்கு சரியா வந்துச்சுக்கா."

அவ்வளவுதான். அவர் இல்லாத இடத்தை யாரோ வந்து நிரப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாவி, தலையா எண்ணுவ? மூஞ்சியப் பாக்க மாட்டியா?

மார்ச் 18
போகவில்லை.

மார்ச் 20
போகவில்லை. காலையிலிருந்து ஒருவரிடமும் பேசவில்லை. குரல் இருக்கிறதா என்று சாயங்காலம் இருமிப் பார்த்தேன்.

மார்ச் 24
போனேன். வேறு எங்கே போவது?

விசில் இப்போது தலை எண்ணுவதில்லை என்று இன்றுதான் கவனித்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தானே வைத்த பெயர்களை முணுமுணுக்கிறான். மொட்டை, சிவப்புத் தொப்பி, குறட்டை வாத்தியார் (மிதந்தபடியே தூங்குவாராம்). கடைசியில் "அக்கா". அது நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு! அப்புறம் நாள் முழுக்க அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2
கம்பியை விட்டேன். மல்லாந்து கிடந்தேன், என் பிடரிக்குக் கீழே அவன் கை. அவன் ஏதோ சொன்னான். காது தண்ணீருக்குள் இருந்ததால் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மன்னிப்பதெல்லாம் அத்தனை சுலபமா என்ன? வெளியே வந்ததும் இரண்டு டீ வாங்கினேன். ஒன்றை அவனிடம் நீட்டினேன்.

ஏப்ரல் 7
காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. இப்படியே செத்துக்கிடந்தாலும் நாலு நாளைக்கு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கிடந்தபோது போன் அடித்தது. விசில். பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

"அக்கா, உங்களைக் காணோமே. எங்க இருக்கீங்க?"

"இருக்கேன் தம்பி" என்றேன்.