ஹாம்பர்க்கிலிருந்து வந்த கேசட்

நேற்று அந்தக் கேசட்டின் நாடா டேப் ரெக்கார்டருக்குள் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி மீட்டேன். கசங்கிய இடத்தில் வயலின் இனிமேல் கொஞ்சம் முனகிவிட்டுத்தான் போகும். நீ இருந்தால் திட்டுவாய். வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் பொங்கல் கழிந்து அந்தப் பார்சல் வந்தது. அப்போது ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்குக் காகிதம் போடும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. உன் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை என்று கம்பெனிக்காரர்கள் வந்து சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. நீ அழவில்லை. டைப் அடித்த தாள்களில் மட்டும் தப்பு மேல் தப்பாக விழுந்துகொண்டிருந்தது.

பார்சலில் இரண்டு சாக்லெட், ஒரு கம்பளித் தொப்பி, ஒரு கேசட். கடிதம் இல்லை. முகவரி பெரிய பெரிய ஆங்கில எழுத்தில்.

"தொப்பி எதுக்குடி? இந்த ஊர்ல இன்னா குளிரா அடிக்குது?" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் வீட்டில் கேசட்டைப் போட்டோம். முதலில் உப்பு பொரிவது போல ஒரு சத்தம். பிறகு ஒரு வயலின். மேளம் வரும், பாட்டு வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்தே போயிற்று.

கோயில் ஃபாதர் ஜெர்மனியில் படித்தவர். அட்டையைப் பார்த்துச் சொன்னார்: "முந்நூறு வருஷத்துக்கு முந்தி எழுதின இசைம்மா. ரொம்பப் பழைய இசைத்தட்டுல இருந்து எடுத்திருக்காங்க. தனி வயலின். துணைக்கு வேற எதுவும் கிடையாது."

நீ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய். "துணை இல்லாம கீறேன்னு சொல்றாருடி. லெட்டர் போட்டா மாட்டிப்பாரு இல்ல? அதான் இத அனுப்பிகீறாரு."

ஒரு மாதம் முகம் தெளிந்திருந்தது. பிறகு ஒரு நாள் வெளிறிப்போய் வந்தாய். "ரெண்டு பேரு வாசிக்கிறாங்கடி. மேல ஒண்ணு பேசுது, கீழ ஒண்ணு பதில் சொல்லுது. அவரு கூட யாரோ கீது." கேட்டுப் பார்த்தேன். எனக்கும் இரண்டாகத்தான் கேட்டது. ஃபாதர் சொன்னதை நம்புவதா, என் காதை நம்புவதா? நீ சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாய்.

அப்புறம் ஒரு ஞாயிறு கொருக்குப்பேட்டையில் என் வீட்டுக்கே வந்து என்னை இழுத்துப் போனாய். டேப்பில் என் காதை வைத்து அழுத்தினாய். "மூச்சு இழுக்குறான் பாரு. தோ... மறுபடியும். ஒரே மூச்சுதான்டி. ஒத்த ஆளுதான் ரெண்டு கம்பியில வாசிக்கிறான்!" சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குக் கேட்டது மூச்சா, இசைத்தட்டு தேய்கிற சத்தமா, தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

அடுத்த வருஷம், நீ லீவு போட்ட ஒரு நாளில், அவரோடு கப்பலில் இருந்த பையன் தன் பெட்டியை எடுக்க நம் ஆபீசுக்கு வந்தான். பார்சலைப் பற்றி விசாரித்தேன். நெளிந்தான்.

"அதுவாக்கா? கிறிஸ்மஸுக்கு ஹார்பர்ல மாலுமிங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் இனாமா குடுத்தாங்க. அண்ணன் அதப் பிரிச்சிகூட பாக்கல. படுக்கையிலயே போட்டுட்டு எறங்கிட்டாரு. வீணா போவுதேன்னு நான்தான் அட்ரஸ் எழுதிப் போட்டேன்."

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீயோ, டேப்புக்குப் புது பெல்ட் போட்டாயிற்று என்று வாசலிலேயே சந்தோஷமாக நின்றாய். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் நீ அவர் பேச்சையே எடுப்பதில்லை. கேசட்டை மட்டும் விடவில்லை. "இப்போ பாரு, படி ஏறும்," "இப்போ மூச்சு வாங்கிக்கினு உக்காரும்" என்பாய். யார் ஏறுவது, யார் உட்காருவது என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "அவரு என்னிக்காச்சும் வந்தா அந்தக் கேசட்ட மட்டும் குடுத்துடாத. அது என்னுது."

"அது வந்து, அவரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். வுடு," என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

என்ன தெரியும் உனக்கு? எப்போதிலிருந்து தெரியும்? நான் என்ன சொல்ல வந்தேன் என்றே தெரியாமல், பேசத் தெம்பில்லாமல் சொன்னாயா? இந்த இரண்டு வருஷத்தில் அதை எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் அவர் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உன் கல்லறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அழுவார் என்று நினைத்தேன். சும்மாவே நின்றார். கோபப்படலாமா, பாவப்படலாமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஒரு லெட்டர்கூட போடலியே நானு. எப்படி இருந்தா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமையானா வயலின் கேட்டுக்கினு இருப்பா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வயலினா? ரேடியோவ வெச்சாலே தலவலின்னு அணைச்சிடுவாளே!"

கேசட் என் பையில்தான் இருந்தது. தரவில்லை. அது எப்படி வந்தது என்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாததோடு அதுவும் என்னிடமே தங்கிவிட்டது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு நானே உட்கார்ந்து கேட்கிறேன். சில நாள் ஒருவர் வாசிப்பதாகக் கேட்கும், சில நாள் இருவர். யாராவது கதவைத் தட்டினால் கோபம் வருகிறது. கேசட்டில் ஓடுகிற பக்கம் முடிகிற வரைக்கும் எழுந்து திறப்பதில்லை.