ஒரு வணக்கத்துக்கு எவ்வளவு பேட்டரி

நல்லம்பள்ளி,
15.11.1987

அன்புள்ள தம்பி கஸ்பாருக்கு,

அண்ணன் இன்னாசிராஜ் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு அண்ணி லூர்து மேரி தினமும் ஜெபிக்கிறாள்.

எங்கள் வனத்துறை அலுவலகத்தில் சென்ற மாதம் மிக முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. வாக்கி டாக்கியில் பேசும் வாட்சர்கள் முதலில் 'வணக்கம் ஐயா' என்றும், முடிக்கும்போது 'நன்றி ஐயா' என்றும் சொல்ல வேண்டும். நடுவே பெயர், பதவி, பணியிடம் மூன்றும் வரிசையாக வர வேண்டும். யானை வராவிட்டாலும் கால்மணிக்கு ஒருமுறை, வரவில்லை என்று தெரிவிக்க வேண்டும். வரிசை தவறினால் மறுபடி முதலிலிருந்து. உத்தரவை இரண்டு முறை திருத்தி மூன்று நகலாக டைப் அடித்தவன் நான்தான்.

காரணம் மாதையன். ஒன்பது வருடமாகத் தினக்கூலி வாட்சர். கரடிக்குட்டைக் காட்டோரம் அவன் காவல். ஒருநாள் யானையைக் கண்டதும் வாக்கி டாக்கி செட்டில் "ஆனை எறங்கிருச்சுங்க, வெரசா ஆளனுப்புங்க" என்றான். அதில் 'ஐயா' இல்லை என்பது ரேஞ்சரின் வருத்தம். அவர் தெற்கத்திக்காரர், நம் பக்கத்து 'ங்க'வை மரியாதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எடுத்துச் சொல்ல எழுந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

போன புதன்கிழமை சாயங்காலம் கரடிக்குட்டையில் ஒன்பது யானைகள் இறங்கின. மாதையனின் செட் அணைந்து கிடந்தது. இரண்டு மைல் ஓடி வந்து சொன்னான். அதற்குள் அங்கே பயிர் வைத்திருந்த கோவிந்தம்மாளின் ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு போய்விட்டது. அடுத்த வாரம் அறுப்பதாக இருந்தாள். ஆபீசுக்கு வந்து அவனைக் கேட்டாள்: "ஏன்டா மாதையா, நாள் பூரா அந்தப் பொட்டிகிட்டக் கும்புடு போட்டியே, எனக்கு ஒரு சத்தம் வுட முடியலயா?"

மாதையன் செட்டில் பாட்டுப் பாடிப் பேட்டரியைத் தீர்த்துவிட்டான் என்பது இப்போது குற்றச்சாட்டு. முப்பதாம் தேதி விசாரணை. இந்த வருடம்தான் அவன் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அஜாக்கிரதை என்று அறிக்கை போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அறிக்கையை எழுத வேண்டியவன் நான்.

அதனால் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். முழு சார்ஜ் ஏற்றிய இரண்டு செட்டில் ஒன்றைச் சும்மா கேட்கும்படி மேசையில் வைத்தேன். மற்றதன் பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பழைய சுற்றறிக்கைகளை வாசித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அது அணைந்தது. சும்மா இருந்தது, நான் ஆபீசைப் பூட்டும்போதும் கரகரத்துக்கொண்டிருந்தது. கேட்கும் செட் கொறிக்கிறது. பேசும் செட் அள்ளித் தின்கிறது. ரேஞ்சருடைய செட் சுவர் மின்சாரத்தில் ஓடுவதால் அவருக்கு இது தெரிய வழியில்லை.

நீ பெங்களூரில் ரேடியோ கம்பெனியில் இருக்கிறாய். இதைக் கம்பெனித் தாளில் முத்திரையோடு எழுதி அனுப்பு. நான் சொன்னால் எதிர்த்துப் பேசுவது. நீ சொன்னால் விஞ்ஞானம்.

தக்காளி விலை விழுந்துவிட்டது. மதலேனம்மாள் அத்தைக்கு இருமல் தேவலை. முப்பதாம் தேதியை மறந்துவிடாதே.

உன் அண்ணன்,
இன்னாசிராஜ்


நல்லம்பள்ளி,
14.12.1987

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ரேஞ்சர் இரண்டு முறை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது; மாதையன் பெயர் பட்டியலில் நிற்கிறது. ஒரு பை அவரைக்காயோடு வீட்டுக்கே வந்து, "உங்க தம்பிய அந்தச் சாமிதான் படிக்க வெச்சுதுங்க" என்றான். படிக்க வைத்தது நான் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தின் பேரில் புது உத்தரவும் பிறந்திருக்கிறது. பேசுவதால்தான் பேட்டரி தீர்கிறது என்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டதால், வாட்சர்கள் இனிமேல் கேட்க மட்டுமே செய்ய வேண்டும். பேசும் பொத்தான் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. பேட்டரி இப்போது இரண்டு நாள் வருகிறது. இதை மேலிடத்துக்குச் சாதனையாக எழுதியிருக்கிறார்கள். இதையும் மூன்று நகல் நான்தான் அடித்தேன். அன்று டீ வரவில்லை. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

முடிந்தால் இன்னொரு கடிதம் எழுது தம்பி. இந்த முறை, செட் எதற்கு என்பதிலிருந்து தொடங்கு. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் தைரியமும் தரட்டும்.

உன் அண்ணன்,
இன்னாசிராஜ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சேதி வந்தது. நேற்றுச் சாயங்காலம் கரடிக்குட்டையில் மறுபடி யானைகள் இறங்கின. சொல்ல ஓடி வந்த மாதையன் வாய்க்காலில் விழுந்து, வலது கால் முறிந்து, தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.